ஒரே ஒரு பெட்டிதான் கூப்பிடுது

— சிவப்புதான்டா குருவி, நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றேன். பெட்டியில எப்பவும் எரியற விளக்கு எரியல, பக்கத்துல இருக்கற சிவப்பு எரியுது. நேத்துக் காலைலேருந்து.

— நேத்தேவா? நேத்தே ஏன்க்கா சொல்லல?

— கூப்பிட்டேனே. "மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்"னு உன் ஃபோனே ஒரு பதில் அனுப்புச்சு. சரி, பிறகு அழைப்பான்னு இருந்தேன்.

— சரி விடு, இப்போ பேசறேன்ல? சிம்பிள். நெட்டு போயிருக்கும். ஸ்டூல் போட்டு ஏறி, பெட்டிக்குப் பின்னாடி இருக்கற ஒயரைப் பிடுங்கிட்டுத் திரும்பச் சொருகு.

— ஏறி இறங்கிட்டேன். நீ இதைத்தான் சொல்லுவேன்னு தெரியும். என் முழங்கால் என்னைத் திட்டற திட்டு உனக்குக் கேக்காது.

— நெட்டு வருதா வீட்ல?

— வராமலா எதிர்வீட்டுப் பொண்ணு என் வாசப்படியில உக்காந்து ஃபோனை நோண்டிக்கிட்டு இருக்கா? நெட்டெல்லாம் ஜோரா இருக்கு. சிவப்புக்குக் கீழே ஏதோ எழுத்து வேற ஓடுதுடா. கண்ணாடி போட்டுப் படிச்சேன்.

— என்ன எழுத்து?

— எனக்கு வாயால சொல்லவே பிடிக்கல.

— அக்கா, அதுலதான் விஷயமே இருக்கு. சொல்லு.

— "அப்படி யாரும் இங்கே இல்லை."

— ஓ.

— ஏன்டா, இதை எழுதினவன் யாரு? தெரியாத வீட்டுக் கதவைத் தட்டினாக்கூட கொஞ்சம் மரியாதையாச் சொல்லி அனுப்புவாங்க.

— நான்தான்க்கா எழுதினேன். பெட்டியைச் செய்யறப்போ விளையாட்டா எழுதி வெச்சது. அந்த வரி வெளியில வரவே வராதுன்னு நினைச்சேன்.

— வந்துடுச்சு.

— இரு, பயப்படாதே. பெட்டி தினமும் காலைல எங்க சர்வரைக் கூப்பிடும்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?

— மறப்பேனா? என் அடுப்படியில உக்காந்துக்கிட்டு எவ்வளவு பெருமையாச் சொன்னே! "அக்கா, உன் பெட்டி அங்கேருந்து பேர் சொல்லிக் கூப்பிடும். இங்கே அந்தப் பேருக்கு நான் ஒரு வேலைக்காரனை உக்கார வெச்சிருக்கேன். குஞ்சு பொரிக்கற மெஷின்ல சூடு எவ்வளவுன்னு அவன் கேட்டுக்குவான், போதுமா போதாதான்னு பதில் சொல்லுவான்"னு. அவனுக்குச் சம்பளம் எவ்வளவுன்னு நான்கூடக் கேட்டேன்.

— அதேதான். இப்போ பெட்டி கூப்பிட்டிருக்கு, சர்வரும் எடுத்திருக்கு. ஆனா அந்தப் பேருக்கு உள்ளே எந்த வேலையும் பதிவாகல. அதான் அந்த வரி.

— அந்த வேலைக்காரன் எங்கே போனான்?

— அதான் எனக்கும் புரியல. புதுசா வந்த பசங்க யாராவது கை வெச்சிருப்பாங்க. எதைத் தொடறோம்னே தெரியாது இந்தக் காலத்துப் பசங்களுக்கு. இரு, பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கறேன். அதை விடு, முட்டை என்ன ஆச்சு? நேத்துலேருந்து சூட்டை யாருமே பாக்கலைன்னா உள்ளே இருக்கற குஞ்செல்லாம் போயிடுமேக்கா!

— முட்டையை விடு. நீ பெட்டியைப் பாரு.

— முட்டைக்குத்தானே பெட்டி!

— முதல்ல அதைப் பாருடா, சொன்னாக் கேளு.

— சரி, லைன்லயே இரு. சத்தம் வராம வெச்சுட்டு, பக்கத்து சீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்.

— போயிட்டு வா. எனக்கு என்ன அவசரம்?

— ஏங்க, ஒரு நிமிஷம். சர்வரெல்லாம் நீங்கதானே பாத்துக்கறீங்க? இந்த வாரத்துல அதுல ஓடற பழைய ஃபங்ஷன், குட்டி புரோகிராம் எதையாவது யாராவது எடுத்தாங்களா?

— யாராவதா? நாமதான் சார் எடுத்தோம். பழைய குப்பையைக் கூட்டிப் பெருக்கினோமே, நிஜமா மறந்துட்டீங்களா? மேல இருக்கறவங்க காலைலதான் உங்களைப் பாராட்டி எல்லாருக்கும் மெயில் போட்டிருக்காங்க.

— அது தெரியும். யாருமே கூப்பிடாததைத்தானே எடுத்தோம்?

— யாருமே கூப்பிடாதது பூரா எடுத்தோம். கடைசியில ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. எங்கேயோ ஒரே ஒரு பெட்டி, விடியக்காலைல ஒரே ஒரு தடவை கூப்பிடும். "இது யாருன்னு விசாரிச்சுட்டு எடுக்கலாமா சார்"னு நான் கேட்டேன்.

— அதுக்கு நான் என்ன சொன்னேன்?

— நிஜமாவே ஞாபகம் இல்லையா? கையில இருந்த டம்ளரைக்கூடக் கீழ வைக்கல நீங்க. "ஒரே ஒருத்தன் கூப்பிட்டா அதுக்குப் பேரு கூப்பிடறது இல்லம்மா, புலம்பறது. பிடுங்கிப் போடு"ன்னீங்க. ரூமே சிரிச்சுது.

— கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.

— ஏன் சார்? அன்னைக்கு நீங்க சத்தமாத்தானே சொன்னீங்க.

— எடுக்கறதுக்கு முன்னாடி அதுக்குப் பொறுப்பான ஆளுக்குத் தகவல் சொல்லணுமே. சொன்னோமா இல்லையா?

— சொல்லாம இருப்பேனா? மூணு தடவை அனுப்பினேன். "இந்த வேலையை நிறுத்தப் போறோம், வேணும்னா சொல்லுங்க"ன்னு. பதிலே இல்ல. ஏதோ குருவின்னு ஒரு அரதப் பழசான மெயில் ஐடி. கம்பெனியை விட்டுப் போன யாரோன்னு நினைச்சுக்கிட்டேன். என்ன சார், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— ஒண்ணும் இல்ல. சிம்பிள். அதைத் திரும்பப் போட்டுடுங்க.

— போடறதுக்கு என்ன, எழுதினது அப்படியே இருக்கு. சர்வர்ல மறுபடி பதிவு பண்ணினாப் போதும். ஆனா யாருக்காகன்னு எழுதணும். அதுவும் நீங்க போட்ட சட்டம்தான்.

— ஒரு கஸ்டமருக்காகன்னு எழுதுங்க.

— எந்த கஸ்டமர்?

— முக்கியமான கஸ்டமர். எல்லாத்தையும் கேள்வி கேக்கணுமா?

— கோபப்படாதீங்க சார். நிஜமா சொல்றேன், அது செத்த பெட்டி. ஏதோ கோழிக்குஞ்சு பொரிக்கற மெஷின் போல. அதுக்கு நம்ம சர்வர் அனுப்பின பதிலை நான் எடுத்துப் பாத்தேன். ரெண்டு வருஷமா ஒரே பதில்தான். சூடு கம்மி, சூடு கம்மி, சூடு கம்மி. தினமும் எச்சரிக்கை போகுது, ஒரு நாள்கூட யாரும் சூட்டைக் கூட்டல. அங்கே ஆள் இருந்தா அப்படி விட்டுடுவாங்களா?

— ரெண்டு வருஷமாவா?

— அதுக்கு முன்னாடி எல்லாம் ஒழுங்கா இருந்திருக்கு.

— தினமும் ஒரு எச்சரிக்கை போயிருக்கு. நம்ம பக்கத்துல ஒருத்தர்கூடவா அதைப் பாக்கல?

— பாக்க வேண்டியவர் அந்தக் குருவிதான் சார். அவருக்கும் தினமும் ஒரு நகல் போயிருக்கு. அந்த மகராசன் எங்கே இருக்காரோ!

— இங்கேதான் இருக்கேன்.

— சார்?

— நான்தாங்க குருவி. எங்க அக்கா வெச்ச பேரு. சின்ன வயசுல தட்டுல இருக்கறதைக் கொறிச்சுக் கொறிச்சுச் சாப்பிடுவேன். கம்பெனி ரெண்டு ரூம்ல இருந்தப்போ, இந்த சர்வர் தூரத்துலேருந்து கூப்பிட்டாப் பதில் சொல்லுதான்னு பாக்கறதுக்காக எழுதின முதல் ஃபங்ஷன் அது. அக்காவோட மெஷினுக்காக எழுதினேன். அந்த ஐடியை நான் திறந்து எத்தனையோ வருஷம் ஆச்சு.

— அப்போ இந்த ஃபோன்ல...

— அக்காதான் காத்துக்கிட்டு இருக்கு.

— ஐயோ. நான் அன்னைக்கு சிரிச்சிருக்கக் கூடாது சார்.

— சிரிக்க வெச்சது நான். நீங்க யாருன்னு விசாரிக்கலாம்னு சொன்னீங்க. எங்க அக்கா மேல எனக்கு இல்லாத அக்கறை, முகம் தெரியாத பெட்டி மேல உங்களுக்கு இருந்துச்சு. கூசுதுங்க. இந்த நாற்காலியில உக்காரவே கூசுது.

— விடுங்க சார், இப்பவே போட்டுடறேன். கொஞ்ச நேரத்துல ஓடிடும். யாருக்காகன்னு என்ன எழுதட்டும்?

— அக்காவுக்குன்னு எழுதுங்க.

— எழுதறேன். நீங்க அவங்ககிட்ட நடந்ததைச் சொல்லிடுங்க.

— சொல்றேன், சொல்றேன். அக்கா! இருக்கியா?

— நான் எங்கே போகப் போறேன்? நீதான் போயிட்டு வரே.

— கண்டுபிடிச்சாச்சு. சிம்பிள். சர்வர்ல ஏதோ மராமத்து வேலை நடந்திருக்கு, அதுல அது பாட்டுக்குக் கழண்டு போயிடுச்சு. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்.

— அதுவாவே கழண்டுச்சா?

— அதுவாவேதான்.

— பாரேன். அந்தப் புதுப் பசங்களைத் திட்டிட்டியா?

— இல்லக்கா.

— திட்டாதே. தெரியாமப் பண்ணியிருக்கும் பாவம். அங்கே தலைக்கு மேல என்ன வேலை கிடக்கோ. இங்கே ஒரு கிழவியோட பெட்டி தொங்குதுன்னு அதுங்களுக்கு எப்படித் தெரியும்?

— அக்கா, நீ அப்படிப் பேசாதே.

— நான் என்னடா தப்பாச் சொல்லிட்டேன்?

— பசங்க இல்ல. நான்தான். நான்தான் பிடுங்கச் சொன்னேன். யாருன்னு விசாரிக்கலாமான்னு ஒரு பொண்ணு கேட்டுது, அதுக்கும் கேலி பேசினேன், ஊரே சிரிக்க. முன்னாடியே மூணு தடவை எனக்கே தகவல் வந்திருக்கு, நான் பாக்கல. இப்போகூட அதுவாக் கழண்டுச்சுன்னு உன்கிட்டப் பொய் சொன்னேன். ஸ்டூல்ல வேற ஏறச் சொன்னேன். வெக்கமா இருக்குக்கா.

— மூக்கை உறிஞ்சாதே. ஆபீஸ்ல யாராவது பாக்கப் போறாங்க.

— பாக்கட்டும்.

— உனக்கு அது நான்னு தெரியாது. அவ்வளவுதானே?

— தெரியாமப் போனதுதான்க்கா வெக்கமே.

— சரி சரி. அதான் திரும்பப் போட்டுட்டியே. போய் வேலையைப் பாரு.

— இன்னொண்ணு கேக்கணும். ரெண்டு வருஷமா அந்தப் பெட்டிக்கு "சூடு கம்மி"ன்னேதான் பதில் போயிருக்கு. அந்தச் சூட்டுல ஒரு முட்டைகூடப் பொரியாது. பெட்டி தப்பாச் சொல்லுதா, இல்ல மெஷினே பழுதா? ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல? நான் வந்து பாத்திருப்பேனே.

— வந்திருப்பே.

— நிச்சயம் வந்திருப்பேன்.

— நான் இல்லைன்னு சொன்னேனா?

— அப்போ சொல்லு. இப்போ உள்ளே எத்தனை முட்டை இருக்கு? கையை வெச்சுப் பாரு, வெதுவெதுன்னு இருக்கா?

— குருவி, உன்கிட்டச் சொன்னேன்டா. "என்னால நிக்க முடியல, முட்டைத் தட்டெல்லாம் தூக்க முடியல, இந்தக் கோழிப் பொழப்பே போதும்னு தோணுது"ன்னு. "சரிக்கா, சரிக்கா, ரொம்ப நல்லது"ன்னே. பின்னாடி டைப் அடிக்கற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

— எப்போக்கா?

— அப்போதான். ரெண்டு வருஷம் முன்னாடி. மெஷினை அந்த வாரமே வித்துட்டேன். ரூம் காலியா இருக்கு, துணி காயப் போடறேன்.

— மெஷினே இல்லையா? அப்போ ரெண்டு வருஷமா அது அளந்தது வெறும் ரூம் சூடா? அப்புறம் அந்தப் பெட்டி மட்டும் எதுக்குக்கா சுவத்துல?

— தினமும் விடியறப்போ அதுல "அக்கா, சூடு பத்தல, எழுந்து பாரு"ன்னு வரும்டா. நீ என்னைத் தேடிக் கூப்பிடறது அது ஒண்ணுதானே.