யாரும் யோசிக்காத பேர்

காரைக்குடிக்கு இன்டர்நெட் வந்த புதுசு. கிளம்பாமல் நின்ற சிவகங்கை பஸ்ஸில், என் முன் சீட்டில் கம்ப்யூட்டர் சென்டர்காரர்கள் இரண்டு பேர், ஒரு சாரும் ஒரு டீச்சரும்.

"அமெரிக்காவுல இருக்கிற மிஷினுக்கு நேத்து இங்குட்டு இருந்தே உத்தரவு போட்டேன்" என்றார் சார். நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"எப்படி சார்?"

"பிரவுசர்ல ஒரு பக்கம் செஞ்சு, அதுல ஒரு கட்டம் வச்சிருக்கேன். கட்டத்துல கமாண்ட் அடிச்சா அங்க சர்வர்ல ஓடும். என்னென்ன ஃபைல் இருக்குன்னு கேட்டேன், அம்புட்டும் வரிசையா வந்துருச்சு."

"அழின்னு அடிச்சா?"

"அழிச்சிரும்."

"ஐயையோ, நம்ம சென்டர் சைட்டு மொத்தமும் அதுலதான இருக்கு! பாஸ்வேர்ட் போட்டீகளா?"

"எதுக்கு? அந்தப் பக்கத்தோட பேரு தெரிஞ்சாத்தான உள்ள வர முடியும்? உலகத்துல ஒருத்தனும் யோசிக்காத பேரா வச்சிருக்கேன்."

"என்ன பேரு?"

சார் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க ஊரு பேருதான்."

கண்டக்டர் படியில் தொங்கியபடி பஸ்ஸைத் தட்டினார். "ஒக்கூர், ஒக்கூர், ஒக்கூர்!"

"இதுவா சார்?" என்றார் டீச்சர்.

"மெதுவாப் பேசுங்க டீச்சர்" என்றார் சார்.