அறுபது முட்டையும் அரைநாள் மழையும்

அது மழையா சிஸ்டர்? நீங்களே சொல்லுங்க. ஏப்ரல் மாசத்துல, வயக்காடெல்லாம் வெடிச்சுக் கிடக்கிற மாசத்துல, எவனாவது கல்யாணத்துக்குக் குடை எடுத்துட்டு வருவானா? நூத்தியம்பது பேரு, ஒருத்தர் கையிலயும் குடை கிடையாது! இருந்தது ஒரே ஒரு குடை. மீன் உருண்டை விக்கிறவன் வண்டிக் குடை. அதுக்குக் கீழ பாதிரியாரு, கிட்டாரு வாசிக்கிறவங்க ரெண்டு பேரு, அப்புறம் எங்க வீட்டுக்காரரு டெர்யோ. பொண்டாட்டி நனையறாளேன்னு ஒரு நினைப்பு வேணாம்? ம்ஹூம். மீன் உருண்டை தின்னுட்டு நிக்கிறாரு.

இருக்கீங்களா சிஸ்டர்?... காணிக்கையை மடத்துக்குள்ள சுத்தி விடுற இந்த மரப்பெட்டிக்குப் பின்னால நீங்க இருக்கீங்களா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. ஆ... இருமுறீங்க. போதும் போதும். நீங்க முகம் காட்டக்கூடாது, அளந்துதான் பேசணும், எல்லாம் தெரியும். நான் இந்த ஊர்க்காரிதான். பேரு பனியாங். நீங்க பேசவே வேணாம், கேட்டாப் போதும். எங்க வீட்டுல அதைக்கூட யாரும் செய்யறதில்ல.

நேத்து என் பொண்ணு ரோவேனாவுக்குக் கல்யாணம். ஒரே பொண்ணு. மாட்ரிட்ல நர்சு வேலை, நாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் வந்தா. மழை வரக்கூடாதுன்னுதானே உங்க மடத்துப் புனிதை சாந்தா கிளாரா அம்மாவுக்கு முட்டை நேர்ந்துக்கறோம்? ஊரே செய்யுதே! பக்கத்து வீட்டு லூமெங் என்ன குடுத்தா? ஆறே ஆறு முட்டை. அதுலயும் ஒண்ணு கீறல். அவ மகனுக்குக் கல்யாணம் ஜூலையில, புயல் மாசத்துல! ஒரு சொட்டு விழலை. எங்க கணக்கு அறுபது சிஸ்டர். அறுபது! ரோவேனாவே கடையில ஒவ்வொரு முட்டையா வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து, ரெண்டு அட்டையில அடுக்கி, ரிப்பன் வேற கட்டி, "அம்மா, இதை மடத்துல குடுத்துடு"ன்னு என் கையில குடுத்தா.

காலையில கோயில்ல நல்ல வெயில்தான். இல்லைங்கலை. சாயந்திரம் மூணு மணி. வீட்டுக்குப் பின்னால தோட்டத்துல மேசையெல்லாம் போட்டாச்சு. பொண்ணும் மாப்பிள்ளையும் கேக்குல கத்தியை வைக்கிறாங்க... ஊத்துச்சு பாருங்க! அரை நாள் வெயிலு, அரை நாள் மழை. இது என்ன சிஸ்டர் நியாயம்? குடுக்கறதுன்னா முழுசாக் குடுக்கணும்ல?...

சரி. அதை விடுங்க. முழுசு, அரைன்னு நான் ஏன் பேசணும்.

எல்லாத்துக்கும் காரணம் அந்தச் சம்பந்தியம்மா. நெரெய்தா. மாப்பிள்ளை யாந்தியேல் கியூபாக்காரன். பையனைக் குத்தம் சொல்லமாட்டேன், தங்கம். அவங்கம்மாதான்... கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஹவானாவுலேர்ந்து வந்து எறங்கிட்டாங்க. ரெண்டு பெட்டி. ஒரு பெட்டியில துணிமணி. இன்னொரு பெட்டியில என்னன்னு நினைக்கிறீங்க? குக்கர்! எங்க ஊருல நாங்க என்ன, பச்சையாவா தின்னுட்டுக் கிடக்கோம்? கடல் தாண்டிக் குக்கரைச் சுமந்துட்டு வந்திருக்காங்க மகராசி.

வந்த மறுநாளே என் அடுப்படியில நின்னுட்டு, மாப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்றாங்க, "அம்மா உங்களுக்கு ஃப்ளான் செஞ்சு தராங்களாம்." எனக்கு! ஃப்ளான்! சிரிப்பு வருதுல்ல சிஸ்டர்? இந்தப் புலாக்கான் மாகாணத்துல எந்த வீட்டு ஞானஸ்நானத்துக்கு, எந்த வீட்டுத் திருவிழாவுக்கு இனிப்புன்னு என் ஃப்ளான் போகலை? ஒரு தட்டுக்குப் பன்னெண்டு முட்டை. பன்னெண்டுலயும் மஞ்சக்கரு மட்டும். வெள்ளை ஒரு பொட்டு சேந்தா அந்த முட்டையையே தள்ளிடுவேன். கெட்டிப் பாலு, ஊர் எலுமிச்சைத் தோலு, அதை மெல்லிசுத் துணியில ரெண்டு தடவை வடிகட்டி, பாகு ஊத்தின தட்டுல விட்டு, சின்னத் தீயில ஆவி காட்டுவேன். மூடியை நான் துணியால கட்டுவேன், ஒரு சொட்டு வேர்வைத் தண்ணி உள்ள விழக்கூடாது. கவுத்தா முகம் பார்க்கலாம். ஒரு ஓட்டை இருக்காது! ஃப்ளான்ல ஓட்டை விழுந்தா நாங்கல்லாம் வெளிய தலைகாட்ட மாட்டோம்.

அந்தம்மா என்ன பண்ணுது? முட்டையை அப்படியே முழுசா, வெள்ளை மஞ்சள் எல்லாத்தையும் உடைச்சு ஊத்துது. ஒரு ஃப்ளானுக்கு அஞ்சே முட்டை. பட்டை போடுது. உப்பு போடுது சிஸ்டர், உப்பு! பாகைக் கருக்க விடுது. பழைய பால் டப்பாவுல ஊத்தி, மூடி, குக்கருக்குள்ள எறக்கி, விசில்! ஃப்ளானுக்கு விசில்! பருப்பா வேக வைக்கிறோம்? எடுத்துக் கவுத்தா... ஓட்டை. உடம்பு பூரா ஓட்டை. எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு சந்தோஷம். சரி, பாவம், ஊர் விட்டு ஊர் வந்தவங்க, நாலு நல்ல வார்த்தை சொல்லுவோம்னு வாயைத் திறக்கறேன்... எங்க வீட்டுக்காரரு மூணாவது துண்டைக் கேக்கறாரு!

"பனியாங், இந்த ஓட்டையிலதான் பாகு தங்குது பாரு"ங்கறாரு. முப்பத்தோரு வருஷம் என் ஃப்ளானைத் தின்ன மனுஷன்! "உன்னோடது ரொம்ப அசட்டுத் தித்திப்பு, இதுல ஒரு கசப்பு இருக்கு, நல்லாருக்கு"ன்னு வேற. கசப்பு வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? எவ்வளவு வேணும்னாலும் குடுத்திருப்பேனே!

அதோட நின்னுச்சா? மறுநாளு தேங்காய் மிட்டாய். அதுக்கு மறுநாளு பாலுல அரிசி. தெருவே என் வாசல்ல நிக்குது. லூமெங் தட்டோட வரா. "உங்க சம்பந்தியம்மா இருக்காங்களா?"ன்னு கேக்கறா. என் வீட்டு வாசல்ல நின்னு, என்னைப் பார்த்து! கல்யாணத்துக்கு யாரு இனிப்புன்னு பேச்சு வந்துச்சு. ரோவேனா சிரிச்சுட்டு, "ரெண்டு அம்மாவும் செய்யுங்களேன்"ன்னா. செய்யுங்களேனாம்! அவங்க பன்னெண்டு செஞ்சாங்க. நான் பத்து முடிச்சிருந்தேன். பொண்ணோட அம்மா பத்து, மாப்பிள்ளையோட அம்மா பன்னெண்டு. இது நல்லாவா இருக்கு?

வியாழக்கிழமை முட்டைக்குப் போறேன். ஊருல முட்டையே இல்ல. கோழிக் காய்ச்சல்னு பண்ணையெல்லாம் மூடிக் கிடக்கு. நாலு கடை ஏறி எறங்கினேன். வாத்து முட்டைதான் இருக்குங்கறான். வீட்டுக்கு வந்து உக்காந்தா... மேசை மேல...

என்ன சிஸ்டர்? இல்ல, நான் ஒண்ணும் நிறுத்தலை. தொண்டை கட்டுது, மழையில நனைஞ்சது.

மழைக்கு வரேன். கவுத்து அடுக்கி வச்சிருந்தது என் ஃப்ளான் பதினஞ்சும். ஆமா, பதினஞ்சு. தட்டுல கவுத்து, மேல செர்ரி வச்சு, தோட்டத்துல நட்ட நடு மேசையில. அஞ்சு நிமிஷம் சிஸ்டர். பதினஞ்சும் கஞ்சி! செர்ரி மிதக்குது. சனமெல்லாம் வீட்டுக்குள்ள ஓடுது. உள்ள என்ன இருக்கு? அடுப்படியில மூடி போட்ட டப்பாவுல பன்னெண்டு கியூபா ஃப்ளான், ஜம்முனு! ஈரத்தோட நின்னுட்டே தின்னாங்க. கையால எடுத்துத் தின்னாங்க. "ஆகா"ங்கறாங்க, "ஓகோ"ங்கறாங்க. பாதிரியாரு விரலை நக்குறாரு!

எனக்குத் தாங்கலை. பாட்டுப் போடுறவனோட மைக்கு பக்கத்துல கிடந்துச்சு. எடுத்துட்டேன்.

"ஏன் மழை வந்துச்சுன்னு யோசிச்சீங்களா?"ன்னு கேட்டேன். "சாந்தா கிளாரா அம்மாவுக்குன்னு என் பொண்ணு வச்சிருந்த அறுபது முட்டையைக் காணோம். நீங்க தின்னுட்டு நிக்கிறது பன்னெண்டு ஃப்ளான், ஒண்ணுக்கு அஞ்சு முட்டை. பெருக்கிப் பாருங்க!"ன்னேன். அத்தனை பேரும் பெருக்கிப் பார்த்தாங்க. பள்ளிக்கூட வாத்தியாரு விரல் விட்டே எண்ணினாரு. சரியா அறுபது! எனக்கே ஆச்சரியம், என்னமா பொருந்துதுன்னு.

நெரெய்தாவுக்கு ஒண்ணும் புரியலை. சிரிச்ச முகமா மகனைப் பார்க்குது. அவன் காதுல சொன்னான். "நாங்க திங்கக்கிழமையே சந்தையில வாங்கின முட்டை அத்தை அது"ன்னு என்கிட்ட வரான். "யாரு பார்த்தா?"ன்னுட்டேன். மைக்கு இன்னும் கையிலதான் இருக்கு. ஊருக்கே கேட்டுச்சு. அந்தம்மா தட்டைக் கீழ வச்சிட்டு, அறைக்குள்ள போயி, பெட்டியை எடுத்து அடுக்க ஆரம்பிச்சிருச்சு.

இன்னிக்குச் சாயந்திரம் மூணு பேருக்கும் பிளேன் சிஸ்டர். ரோவேனா நேத்துலேர்ந்து என் கூடப் பேசலை. பேசினது ஒரே ஒரு வார்த்தை. "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் மடத்துக்குப் போயி, முட்டை வந்துச்சான்னு நானே சிஸ்டரைக் கேட்டுக்கறேன்"னா. அவ்வளவுதான். இப்படியே அவ பிளேன் ஏறிட்டா, இனி எப்ப வருவா? நாலு வருஷமா? வருவாளா?

அதான் முந்திட்டு வந்தேன். உங்களால ஆகக்கூடியதுதான். ஒல்லியா, தாடையில மச்சத்தோட ஒரு பொண்ணு வந்து கேட்டா, "ஆமா, வியாழக்கிழமை முட்டை வந்துச்சு"ன்னு சொல்லிடுங்க. போதும். நான் "அட, குடுத்ததை மறந்தே போயிட்டேன், வயசாச்சு"ன்னுடுவேன். சம்பந்தியம்மா பேருக்கும் பழுது இல்ல, என் பேருக்கும் பழுது இல்ல. ஒரு பொய்யும் இல்ல சிஸ்டர்! முட்டை வந்துச்சு. ஒரு மாதிரி வந்துச்சு...

எந்த முட்டைன்னா? வியாழக்கிழமை இந்தப் பெட்டியில ஒரு டப்பா வைக்கலையா, ஊதா மூடி?... ஆமா. ஐஸ்கிரீம் டப்பாதான். ஆமா சிஸ்டர், உள்ள ஐஸ்கிரீம் இல்ல... அன்னிக்கு எல்லாரும் கரண்டி எடுத்துட்டு வந்துட்டீங்களா? கடவுளே... மன்னிச்சுக்கோங்க.

வெள்ளைக்கரு. அறுபது முட்டையோட வெள்ளை. வேற என்ன சிஸ்டர் பண்றது? அஞ்சு தட்டுக்கு அறுபது மஞ்சக்கரு கண்ணு முன்னால உக்காந்திருக்கு. ரிப்பனை அவுத்தேன். "அம்மாவுக்கு எதுக்குக் கொழுப்பு, சிஸ்டருங்க எல்லாம் விரதக்காரங்க, வெள்ளைதான் உடம்புக்கு நல்லது"ன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். அதையும் கொட்டிடாம கொண்டு வந்து வச்சேனே, அது ஒரு நல்ல மனசு இல்லையா?... இல்லதான். வெள்ளைக்கு வெயிலைக் குடுத்தாங்க, மஞ்சளுக்கு மழையைக் குடுத்தாங்க. உங்கம்மா சரியாத்தான் அளந்திருக்காங்க.

மணி அடிக்குது. பூசை முடிஞ்சிருச்சு போல. சீக்கிரம் சொல்லுங்க சிஸ்டர், சொல்லுவீங்கதானே? "வந்துச்சு"ன்னு ஒரு வார்த்தை. முழுசா வந்துச்சா உடைச்சு வந்துச்சான்னு அவளா கேக்கப் போறா?

வந்துட்டா. மடத்து வாசக் கதவுக்கிட்ட வந்துட்டா. கூட... சம்பந்தியம்மாவும் வராங்க. அவங்க எதுக்கு? கையில என்ன அது... முட்டை அட்டை. ரெண்டு. எங்க கிடைச்சுது இந்த ஊருல? எந்தப் பண்ணைக்கு நடந்தாங்களோ, செருப்பெல்லாம் சேறு. எடுக்காத முட்டைக்குத் திருப்பிக் குடுக்க வராங்க சிஸ்டர். நான் சொன்ன அதே அறுபது.

கதவைத் திறங்களேன், கொஞ்ச நேரம் உள்ள வந்து நின்னுக்கறேன். நானும் சன்னியாசம் வாங்கிக்கறேன், அடுப்படி வேலை எல்லாம் பார்ப்பேன்!... சிஸ்டர்? சிஸ்டர், வெக்கமா இருக்கு. ஒண்ணு சொல்றேன், யாருக்கும் சொல்லாதீங்க. இன்னிக்கு விடிகாலையில எந்திரிச்சு, டப்பாவுல மிச்சம் இருந்த அவங்க ஃப்ளானை நின்னுட்டே வழிச்சுத் தின்னேன். நல்லாருந்துச்சு. என்னோடதை விட நல்லாருந்துச்சு. அதுதான் எனக்கு ஆத்திரம். வேற ஒண்ணுமே இல்ல.

சிஸ்டர்? இருமுங்களேன்... கேக்குதா?

போயிட்டாங்களா.

...வா ரோவேனா. வாங்க சம்பந்தியம்மா, அதைக் கீழ வைங்க, கை வலிக்கும். அந்தப் பெட்டியைத் தட்டாத கண்ணு, அங்க யாரும் இல்ல.

என்னைக் கேளு.