அவரும் காத்திருந்தார்

டிசம்பர் மாதத்து மழை நாளொன்றில், மயிலாடுதுறையிலிருந்து குத்தாலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியும் அவளுடைய மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"அத்தே, இந்த வருஷம் கடவுள நெனச்சா எனக்குப் பாவமா இருக்கு" என்றாள் மருமகள்.

"கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்குற திருவருகைக் காலத்துல என்னம்மா பேச்சு இது?"

"அதனாலதான் தோணுது அத்தே. ரெண்டு தடவ கலஞ்சு, இப்பத்தான் இது தங்கியிருக்கு. துபாயிலேருந்து போன் பண்றப்பல்லாம் உங்க மகன் கேக்குறது, புள்ள அசையுதான்னுதான். அசையாம இருந்தா எனக்கு உசுரே நின்னுடுது. மாதாவும் இப்படித்தான பயந்திருப்பாங்க? உலகத்தையே படைச்சவரு, ஒரு பொண்ணு வயித்துல, இருட்டுல, கையக் கால நீட்ட எடமில்லாம கெடந்திருக்காரு. அவங்க சாப்பிட்டாத்தான் அவருக்குச் சாப்பாடு. நாமதான் அவருக்காகக் காத்துக்கிட்டிருக்கோம்னு நெனச்சிருந்தேன். அவருமில்ல காத்துக்கிட்டு இருந்திருக்காரு."

மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே சம்பா வயல்கள் தண்ணீரில் நின்றன.

"வருஷா வருஷம் கோயில்ல மெழுகுதிரி ஏத்துறேன். எனக்கு இது தோணவே இல்லயேம்மா" என்றார்.

அப்போது அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அசையுது அத்தே. கைய வச்சுப் பாருங்க."

அந்த அம்மாள் கையை நீட்டினார். நீட்டியதைப் பாதியில் நிறுத்தி, மாதா கோயில் பூசைக்குப் போகிறவர் போல முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் தொட்டார்.