நாத்தனார் எந்த ஏரியாவுல தங்குறது?

...எதை வேணா கேளு கண்ணு, "இந்த செங்டு ஊர்ல எந்த ஏரியாவுல தங்கலாம்"னு மட்டும் என்கிட்ட கேக்காத! பதினஞ்சு நாளா அந்த ஒரு கேள்விதான் என் உயிரை வாங்குது. ஏய், தலைய ஆட்டாத! காதுக்குள்ள குடையிற கம்பி இருக்கு. ஏதாவது சொல்லணும்னா கட்டைவிரல ஆட்டு, போதும்.

உங்க அம்மா அப்பா அடுத்த வாரம் வர்றாங்களா? வரட்டும், நல்லா இருக்கட்டும். என் நாத்தனார் இன்னிக்கே வர்றாங்க. வடக்க தியான்ஜின்லேர்ந்து, புருஷனையும் கூட்டிக்கிட்டு. காலையிலயே ரயில் இறங்கியிருக்கணும். இறங்கிட்டாங்களா, எங்க ரூம் போட்டிருக்காங்க, ஒண்ணும் தெரியல. "நாங்களே பாத்துக்கிட்டோம்"னு நேத்து ஒரே ஒரு வரி. அப்புறம் மூச்சு பேச்சு இல்ல. என் நாத்தனார் குய்லிங் அக்கா சத்தம் போட்டாக்கூட எனக்கு பயமில்ல கண்ணு. சும்மா இருந்தாத்தான் பயம்.

அடேயப்பா, என்னா குறும்பி! எந்நேரமும் காதுல எதையாவது செருகிக்கிட்டுத் திரிஞ்சா... சரி சரி, திட்டல. டீய அப்புறம் குடி, ஆறாது, மூடி போட்டிருக்கு.

எங்க விட்டேன்? ஆங், ஏரியா. முதல்ல சுன்ஷி ரோடுன்னாங்க. கடைத்தெரு, பேரனுக்கு ஏதாவது வாங்கலாமாம். நான் சொன்னேன், "அக்கா, அங்க பெரிய கட்டடத்து மேல ஒரு பாண்டா பொம்மை தொத்திக்கிட்டு ஏறும். ஊரே அதோட பின்பக்கத்தப் படம் எடுத்துக்கிட்டு நிக்கும். காலையில எழுந்து ஜன்னலத் திறந்தா நீங்க அந்த முகத்துலதான்... முகமா அது... முழிக்கணும்"னு. வேண்டாம்னுட்டாங்க.

அப்புறம் அந்தப் பழைய ஓட்டு வீட்டுச் சந்துங்க. அங்கயா! அங்க காது குடையிறவன்ல பாதிப் பேரு போன வருஷம் வரைக்கும் பார்சல் கொண்டுபோய்க் குடுத்தவன். அவன் கையில என் நாத்தனார் காதைக் குடுக்கறதா? அந்தக் காதுல என்னைப் பத்தி என்னென்ன விழுந்து கெடக்கோ!

தெற்குப் பக்கம், கண்ணாடிக் கோபுரமா நிக்குமே... உங்க ஆபீஸ் அங்கதானே? கோச்சுக்காத. "அங்க மாஜோங் ஆடுறவங்க கட்டை உருட்டுற சத்தமே கேக்காதுக்கா, மனுஷனுக்கு எப்படித் தூக்கம் வரும்?"னு சொன்னேன். "நாங்க என்ன தூங்கவா வர்றோம்?"ங்கறாங்க. "வேற என்ன செய்வீங்க, எங்க ஊர் மிளகுதான் உங்களுக்கு ஒத்துக்காதே"ன்னேன். எங்க கல்யாணத்துக்கு வந்தப்போ ஒரு வாய் வச்சு, நாக்கு மரத்துப்போய் அரை மணி நேரம் அந்தம்மா பேசவே இல்ல. என் வாழ்க்கையிலயே சந்தோஷமான அரை மணி நேரம் அது!

வடக்கு ஸ்டேஷனையும் கேட்டாங்க. மூட்டைக்காரன் இடிச்சுத் தள்ளிட்டுப் போவான்னேன். கோயில் பக்கம்? பத்தி வாசனைக்கு அவங்க வீட்டுக்காரருக்கு இருமல் வரும்னேன். யுனிவர்சிட்டி பக்கம்? அங்க எல்லாரும் காதலிச்சுக்கிட்டே நடப்பாங்க, உங்களுக்குக் கண்ணு கூசும்னேன்.

கடைசியில யூலின். "உங்க வீட்டுக்குப் பக்கத்துலயே தங்கறோம் யாச்சின், நடந்தே வந்து என் தம்பியப் பாத்துட்டுப் போறோம்"னாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. "யூலினா? விடிய விடிய பாட்டு! கீழ கறி சுடுற புகை நாலாவது மாடி வரைக்கும் ஏறும். எங்களுக்கே தூக்கமில்லக்கா!"ன்னு அடிச்சு விட்டேன். "ஐயோ பாவம், என் தம்பி"ன்னு குரலே உடைஞ்சு போச்சு அவங்களுக்கு.

கட்டைவிரல் ஏன் ஆடுது? என்ன, கூசுதா? இல்லையா? ஓ... எங்க வீட்டுலயே தங்க வைக்கலாமேங்கறியா? கம்பி உன் காதுல இருக்கு, கேள்வி மட்டும் எனக்குக் குத்துதே!

இரு, கம்பிய எடுத்துட்டு இறகு விடறேன். அசையாத.

...எங்க வீடு யூலின்ல இல்ல கண்ணு.

ஷீபுவுல இருக்கு. ரெண்டாம் நம்பர் மெட்ரோவுல கடைசி ஸ்டேஷன், அங்கேர்ந்து பஸ்ஸு. ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்படிப் பாக்காத, பொய்யெல்லாம் சொல்லல! யூலின்ல நிஜமாவே குடியிருந்தோம். வாடகை ஏறிச்சு, ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி மாறிட்டோம். மாறினத சொல்லல, அவ்வளவுதான். யூலின் வீட்டையே வாங்கிட்டோம்னு அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. நான் திருத்தல. திருத்தலன்னா பொய்யா?

கல்யாணத்தன்னிக்கு இருபது மேஜை ஜனத்துக்கு முன்னாடி என்னைப் பாத்து என்ன கேட்டாங்க தெரியுமா? "காது குடைஞ்சே என் தம்பிக்கு ஒரு வீடு வாங்கிக் குடுத்துருவியா?"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அது இன்னும் என் காதுக்குள்ளயே கெடக்கு கண்ணு. எந்தக் கம்பிய விட்டும் எடுக்க முடியல.

இப்ப உண்மை தெரிஞ்சா? தியான்ஜின் முழுக்க டமாரம்! எங்க வீட்டுக்காரர் பெங் இருக்காரே, பச்சப்புள்ள. வீடியோவுல அக்கா கூப்பிட்டா நேரா ஜன்னல் பக்கம் போய் உக்காருவாரு. "வெளிய ஷீபு தெரியுது, சுவத்துப் பக்கம் உக்காருய்யா"ன்னு ஒன்பது வருஷமா கத்தறேன்.

அதெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன். யூலின்ல நூடுல்ஸ் கடை வெய் அக்கா வீட்டுச் சாவிய ரெண்டு மணி நேரத்துக்கு வாங்கியிருக்கேன். அவங்க கல்யாணப் போட்டோவக் கழட்டிட்டு எங்களுத மாட்டணும், அதே ஆணிதான். பெங்கை அஞ்சு மணிக்கு நல்ல சட்டை போட்டுக்கிட்டு அங்க வரச் சொல்லியிருக்கேன். ஒரு வாய் டீ, ரெண்டு ஆரஞ்சு, "பாருங்கக்கா, எவ்வளவு சத்தம்"னு சொல்லி அனுப்பிச்சுட வேண்டியதுதான். அவங்க ஷீபு பக்கம் மட்டும் கால் வைக்காம இருந்தாப் போதும். யாரு வைப்பா? இவ்வளவு பெரிய ஊர்ல அங்க போய் யாரு ரூம் போடுவா?

இரு, போன். அவங்கதான்! குரல்ல அனுப்பியிருக்காங்க. அசையாத, இப்படியே கேக்கறேன்...

"யாச்சின், நீ ஊர்ல ஒரு இடம் விடாம குத்தம் சொல்லிட்டே. எங்க வீட்டுக்காரர் மேப்பை விரிச்சு வச்சுக்கிட்டு, நீ சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணா பேனாவால அடிச்சுக்கிட்டே வந்தாரு. கடைசியில நீ ஒரு வார்த்தைகூடக் கெட்டதா சொல்லாத இடம் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். ஷீபு. அங்கயே ரூம் போட்டுட்டோம்."

...ஐயையோ!

சிரிக்காதடி, காதுல இறகு! ஷீபுவப் பத்தி நான் ஏன் வாயத் திறக்கல? பேரச் சொன்னாலே மாட்டிக்குவோம்னுதானே! இத்தனை ஏரியாவக் கரிச்சுக் கொட்டின வாய், அதையும் ஒரு வார்த்தை கரிச்சிருக்கக் கூடாது? கொசுன்னாவது சொல்லியிருக்கலாமே! அங்க நிஜமாவே கொசு இருக்கு!

இன்னொண்ணு வருது, இரு. "பஸ்ஸ விட்டு இறங்கி ஹோட்டலுக்கு வழி கேக்கலாம்னு ஒரு ஆள் முதுகத் தட்டினேன். திரும்பினா என் தம்பி"ங்கறாங்க. போட்டோவும் இருக்கு. எங்க பில்டிங் வாசல். பனியனோட, கையில சீட்டுக்கட்டோட... நல்ல சட்டை போட்டுக்கய்யான்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்! பக்கத்துல அந்தம்மா. சிரிக்கிறாங்களா, அழறாங்களா? முகம் சின்னதாத் தெரியுது, நீ பாத்துச் சொல்லு. என்ன, ரெண்டுமா?

விடமாட்டாங்க போலிருக்கே. "ரூம் வேண்டாம்னுட்டோம். பெட்டியெல்லாம் உங்க வீட்டுக்கு ஏத்தியாச்சு. உன்னை நல்லாத் திட்டணும்டி, ஆனா ஆறு மாடி ஏறினதுல மூச்சு வாங்குது. சாயங்காலம் திட்டறேன். இப்ப கொஞ்சம் படுக்கணும், போர்வை எங்க வச்சிருக்கே?"

...எழுந்திரு கண்ணு. இல்ல, காசு வேண்டாம், ஒரு காதுதானே ஆச்சு. இன்னொண்ணுக்கு நாளைக்கு வா. அந்த இறகு டப்பாவ எடு. கொஞ்சம் சும்மா இரு, நான் அவங்களுக்குப் பேசி அனுப்பறேன்.

"அக்கா... அலமாரியில, மேல் தட்டு, இடது பக்கம். சிவப்பு. பட்டுப் போர்வை, ரெண்டு பேருக்குப் போதும். நீங்க என்னிக்காவது வந்து தங்கினா வேணும்னு, அந்த வீட்டுக்குக் குடிபோன வருஷமே வாங்கினது. உறைகூடப் பிரிக்கல. நீங்க பிரிச்சுக்கோங்க."