லிஃப்டில் கிடைத்த மஞ்சள் பாம்பு

மாலை நாலு பத்துக்கு எங்கள் நஜ்மா குடியிருப்பின் லிஃப்டில் பாம்பு கிடந்தது. என் பிள்ளைகள் தினமும் ஏறும் லிஃப்ட். லிஃப்டுக்கான வரிசையில் முன்னால் நின்ற நாகர்கோவில்காரர் பாய்ந்துபோய் அதை அள்ளினார்.

"கெடச்சாச்சு கேட்டியா. நம்ம பாம்புப் பெட்டி காலியா கெடந்ததப் பாத்து உயிரே போச்சு. மக ஸ்கூல் விட்டு வாறதுக்குள்ள உள்ள போட்டிரலாம்."

"நம்மது பாதி வெள்ளைல்லா? இது முழுக்க மஞ்சளு," என்றார் பக்கத்தில் நின்ற அவர் மனைவி.

"லிஃப்ட் லைட்டுக்கு அப்படித்தான் தெரியும். இத்தன நாளு தொடவே பயந்தேன். இப்பம் பாரு, கழுத்துல கெடக்கு."

சொல்லிக்கொண்டே அதன் தலையில் முத்தமிட்டார்.

அப்போது பள்ளிப் பையோடு மகள் வந்தாள்.

"டாடி, நம்மது பைபால்ட், வெள்ளத் திட்டு உள்ள ரகம். இது பனானா மார்ஃப், மஞ்சள் ரகம். நம்மத நான் காலையிலயே பெரிய பெட்டிக்கு மாத்திட்டேனே. இது யாரோட பாம்பு?"