கமலத்திடம் யாரும் கேட்கவில்லை

அவைக்கு அழகாய், அன்புக்கு வடிவாய் நடுவில் வீற்றிருக்கும் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சுசீலா அம்மையார் அவர்களே! படைத்துறைத் தொழிற்சாலையில் இரும்பை உருக்கி, அதோடு தங்கள் இளமையையும் உருக்கிக் கொடுத்த பெரியோர்களே! பாடியிலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்து, இங்கேயாவது உட்கார இடம் கிடைத்ததே என்று பெருமூச்சுவிடும் தொழிலாளத் தோழர்களே! மேனாம்பேட்டு அடுக்ககங்களிலிருந்து மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு வந்திருக்கும் தங்கைகளே! முதல் வரிசையில் உட்காருங்கள் என்று கெஞ்சியும் கேட்காமல், மூன்றாம் வரிசையில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் ஏரிக்கரை இருளர் குடியிருப்பின் தாய்மார்களே! இந்த முத்தாபுதுப்பேட்டைக் குடியிருப்போர் மகளிர் மன்றத்தின் செயலாளர் அகல்யா, உங்கள் அத்தனை பேரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

மகளிர் நாள் மேடை இது. மங்கையரின் மாண்பைப் பாடலாம், மலர்களைப் பற்றிப் பேசலாம். ஆனால் என்னால் இன்று அது முடியவில்லை. நான் பேச வந்தது கருத்தடையைப் பற்றி.

பார்த்தீர்களா? அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததுமே நாலு தலைகள் கவிழ்ந்துவிட்டன. "இன்னாம்மா, மேடையில ஏறி இத்தப் போயி பேசுற?" என்று அந்த அக்கா கேட்பது என் காதில் விழுகிறது. அக்கா, நாம் மேடையில் பேச வெட்கப்பட்டோம். அவர்கள் பிரசவ வார்டில் பேசாமலே செய்துவிட்டார்கள். என்ன செய்தார்கள்? யாருக்குச் செய்தார்கள்? கேளுங்கள்.

கமலம். எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் மாடிப்படிகளைக் கூட்டித் துடைக்க வருகிற பெண். இருளர் குலத்துப் பெண். "உன் பேரை மேடையில் சொல்லலாமா?" என்று கேட்டேன். "சொல்லுக்கா. நான் இன்னா திருடிக்கினா வந்தேன்?" என்றாள். அதனால் சொல்கிறேன்.

கமலத்துக்கு ஒரே பெண் குழந்தை. அரசு மருத்துவமனையில்தான் பிறந்தது. அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகள், அடுத்த குழந்தை தங்கவே இல்லை. மாதம் தவறாமல் வந்தது, வயிற்றைப் பிசையும் வலி. மாதம் தவறாமல் வந்தது, நிற்காத உதிரப்போக்கு. அவள் வேண்டாத சாமி இல்லை. அலகு குத்தினாள், அங்கப் பிரதட்சிணம் செய்தாள். மாமியார் நாக்கோ அலகைவிடக் கூர்மை: "ஒண்ணோட பட்டுப்போச்சி இவ வவுறு." கணவன் வேம்புலி மரக்கடையில் லோடு ஏற்றுகிறவன். முதலில் மனைவி பக்கம்தான் நின்றான். பிறகு அம்மா பேச்சு அரிக்க, அக்கா பேச்சு அரிக்க, பூந்தமல்லியில் இருக்கிற அக்கா வீட்டிலேயே தங்க ஆரம்பித்தான். அங்கே அவனுக்கு இன்னொரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டார்கள் என்ற செய்தி கமலத்தின் காதுக்கு வந்தது.

மறுநாள் காலை எங்கள் படிக்கட்டில் அவள் மயங்கி விழுந்தாள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். புடவை நனைந்திருந்தது. உதடு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஆட்டோ பிடித்து அம்பத்தூரில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர், வெகு இயல்பாக, "காப்பர்-டி வைத்திருக்கிறீர்களே, எப்போது வைத்துக்கொண்டீர்கள்?" என்று கேட்டார்.

கமலம் என்னைப் பார்த்தாள். மருத்துவரைப் பார்த்தாள்.

"இன்னா டி?" என்றாள்.

அம்மா, அந்த இரண்டு சொற்களில் நான் உறைந்துபோனேன்! மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். கருப்பைக்குள் வைக்கிற ஒரு சின்னக் கருவி, அது இருக்கும்வரை கரு தங்காது, சிலருக்கு வலியும் உதிரப்போக்கும் கூடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். கமலம் தன் வயிற்றின் மேல் கையை வைத்தாள். பிறகு, அங்கே வேறு யாரோ குடியிருப்பதைப் போலச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"இத யாரு வெச்சது? நான் வெச்சிக்கலியே டாக்டர்!"

குழந்தை பிறந்த கையோடு, வலியில் அவள் நினைவு தடுமாறிக் கிடந்த வேளையில், வைத்திருக்கிறார்கள். அவளைக் கேட்காமல். அவளுக்குச் சொல்லாமல். ஐந்தாண்டு காலம் எந்தக் குற்றத்துக்காக அவள் அலகு குத்திக்கொண்டாளோ, அந்தக் குற்றம் அவளுடையதே இல்லை!

இரண்டு பேரும் பிரசவம் நடந்த அந்த அரசு மருத்துவமனைக்குப் போனோம். வார்டுப் பொறுப்பிலிருந்த செவிலியர் கமலத்தின் முகத்தைப் பார்க்கவே இல்லை. என்னிடம்தான் பேசினார்.

"இவங்க ஆளுங்ககிட்ட எல்லாம் கேட்டுக்கினு இருந்தா வேலை நடக்குமா மேடம்? சொன்னா புரியாது. வருஷத்துக்கு ஒண்ணு பெத்துக்கினு வந்து நிப்பாங்க. நல்லதுக்குத்தான் வெச்சது."

கமலம் மெல்லக் கேட்டாள். "எனுக்கு ஒண்ணுதான மேடம் பொறந்துது?"

செவிலியர் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினார்.

இங்கே எங்கள் குவார்ட்டர்ஸ் மருமகள் சௌம்யா இருக்கிறாள். அதே மருத்துவமனையில் குழந்தை பெற்றவள். காப்பர்-டி வைக்கலாமா என்று அவளிடம் கேட்டார்கள், அவள் கணவனிடம் கேட்டார்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். அதே வார்டு! அதே கைகள்! சௌம்யாவைக் கேட்ட வாய், கமலத்தின் கட்டிலருகே வந்ததும் ஏன் ஊமையானது? நம் பிள்ளைகள் வாரிசுகளாம். அவர்கள் பிள்ளைகள் மட்டும் எண்ணிக்கையா?

செய்தி ஏரிக்கரைக்குப் போனது. அங்கிருந்து இன்னும் சில பெண்கள் அம்பத்தூர் மருத்துவரிடம் பரிசோதனைக்கு வந்தார்கள். அவர்களில் மூன்று பேருக்குள்ளும் அதே கருவி. மூன்று பேருக்கும் தெரியாது. ஒருத்தி அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஐயோ என்கிறீர்கள். பொறுங்கள், இன்னும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் தாட்சாயிணி என்று ஒருத்தி. நாலு பிள்ளைகளின் தாய். அவள் சொன்னாள்: "யக்கா, நானே வாய வுட்டுக் கேட்டேன், இனிமே வேணாம், எதனா வெச்சி வுடுங்கன்னு. ஊட்டுக்காரர இட்டுகினு வான்னு தொரத்திட்டாங்க. அடுத்த வருசமே நாலாவது பொறந்துட்சி."

வேண்டாதவளுக்கு வைத்தார்கள். வேண்டியவளை விரட்டினார்கள். கருத்தடை கெட்டது என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை, தாய்மார்களே! பெண்ணின் மூச்சைக் காக்க வந்த அருமையான வசதி அது. என் உடம்பு, என் விருப்பம், என் சொல் என்று அவள் எடுத்துக்கொள்ளும்போது அது உரிமை. அவள் அறியாமல் அவளுக்குள் திணிக்கும்போது, அதற்கு என்ன பெயர்? நீங்களே சொல்லுங்கள்!

ஏரிக்கரைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து தலைமை மருத்துவரின் அறைக்குப் போனோம். அவர் முழுவதையும் கேட்டார். நாற்காலியை விட்டு எழுந்து நின்று கமலத்திடம் மன்னிப்புக் கேட்டார். விசாரணை நடக்கிறது, இன்னும் முடியவில்லை. முடியும்வரை நாங்கள் விடப்போவதும் இல்லை. ஆனால் கமலம் கேட்டது வேறு. "வலி வந்தப்பறம் கேக்காதீங்க சார். அப்ப இன்னா சொன்னாலும் தலைய ஆட்டுவோம். மாசமா கீறப்பவே, எங்களாண்ட ஒக்காந்து சொல்லுங்க." இப்போது அந்தக் குடியிருப்புக்கே செவிலியர்கள் வந்து, உட்கார்ந்து, விளக்கிச் சொல்லிக் கேட்கிறார்கள்.

அம்பத்தூர் மருத்துவர் அந்தக் கருவியை எடுத்துவிட்டார். "இனி குழந்தைக்குத் தடையில்லை" என்றார். ஐந்தாண்டு தவமிருந்தவள் அல்லவா? துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். கமலம் மருத்துவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். பிறகு, "மேடம், ஒடம்புல ரத்தமே இல்லன்னு சொன்னீங்களே. அது ஏறுற வரிக்கும் புள்ள தங்காம இருக்க இன்னா இன்னா கீதுன்னு சொல்லுங்க. எது ஒத்துக்கும்னு பாத்து நான் சொல்றேன்" என்றாள். மருத்துவர் ஒவ்வொன்றாக விளக்கினார். கமலம் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். கடைசியில், "மாத்திர குடுங்க. எப்ப நிறுத்தணும்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்" என்றாள்.

கை தட்டுங்கள்! இந்த மண்டபம் அதிரத் தட்டுங்கள்!

வேம்புலியா? வந்தான். பூந்தமல்லிப் பேச்சையெல்லாம் முறித்துக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றான். நானும் அங்கே இருந்தேன். "உம்மேல தப்பு இல்லன்னு தெரியாம பூட்சி கமலம்" என்றான்.

கமலம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எம்மேல தப்பு இருந்தா மட்டும் வுட்டுட்டுப் போலாமா?" என்றாள்.

அவன் வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். அன்றைக்கு அவள் அவனை உள்ளே கூப்பிடவில்லை. நாலு நாள் கழித்துக் கூப்பிட்டாள். அதையும் அவள்தான் முடிவு செய்தாள்.

அன்புச் சகோதரிகளே! நாளை உங்கள் வீட்டுப் பெண் பிரசவ வார்டுக்குப் போவாள். அவளை எல்லாரும் கேட்பார்கள். அப்போது பக்கத்துக் கட்டிலைப் பாருங்கள். அங்கே ஓர் இருளர் பெண் இருக்கலாம். கட்டட வேலைக்கு வந்த, நம் மொழி தெரியாத ஒரு வடநாட்டுப் பெண் இருக்கலாம். "இவங்களைக் கேட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, உரக்கக் கேளுங்கள். பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

தலைகுனிந்து கேட்கத் தொடங்கி, தலைநிமிர்ந்து கேட்டு முடித்த உங்களுக்கும், இந்த மேடையைத் தந்த மன்றத்துக்கும், தன் பெயரைச் சொல்ல ஒப்பிய கமலத்துக்கும் என் நன்றி. வணக்கம்!