ஒரே சிவப்பு, இரண்டு கல்

— ரெண்டு கல்லையும் மோதிரத்துலேர்ந்து கழட்டியாச்சு. மியா யின், உன்னோடது வெள்ளைத் தாள்ல இருக்கு. சந்தா, உன்னோடது நீலத் தாள்ல. மாத்தி எடுத்துராதீங்க.

— மாத்தி எடுக்க என்ன இருக்கு, சயா? என் புருஷனையே ஒருத்தி எடுத்துக்கிட்டா. கல்லு எம்மாத்திரம்!

— சோதனையே வேணாங்க அக்கா. வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தேனே, உங்களோடதுதான் உசத்தின்னு.

— அக்கான்னு கூப்பிடாதே! அவர் செத்து ஏழாம் நாள், வீட்டுக்குள்ள பிக்குகள் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. வாசல்ல நீ வந்து நிக்கிறே, என் மோதிரத்துக்கு இரட்டைப் பிள்ளை மாதிரி ஒண்ணைப் போட்டுக்கிட்டு. மோகோக் ஊரே பார்த்துச்சு.

— ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிடலாம்னுதாங்க வந்தேன்.

— மண்டலே ரோட்டுல மோஹிங்கா நூடுல்ஸ் கடை. லாரியை நிறுத்தினவருக்கெல்லாம் இப்படித்தான் கிண்ணம் கிண்ணமா ஊத்துவியா?

— சண்டையை வெளியில வச்சுக்கங்க. நான் கல்லைப் பத்தி மட்டும்தான் பேசுவேன். அந்த ஜன்னலைச் சாத்து. ஊதா விளக்கைப் போடறேன். என்ன தெரியுது, மியா யின்?

— ரெண்டும் அடுப்புக் கங்கு மாதிரி ஜொலிக்குது. அப்ப ரெண்டுமே மாணிக்கமா?

— அவசரப்படாதே. நம்ம ஊர் மண்ணுல மாணிக்கமும், ஸ்பினல்ங்கிற விலை குறைஞ்ச கல்லும் பக்கத்துப் பக்கத்துலதான் கிடக்கும். சிவப்பு ரெண்டுக்கும் ஒரே சரக்குலேர்ந்து வருது. இந்த விளக்குக்கு வித்தியாசம் தெரியாது.

— வேற எதுக்குத் தெரியும்?

— மாணிக்கத்துக்குள்ள போற வெளிச்சம் ரெண்டாப் பிரியும். ஸ்பினலுக்குள்ள பிரியாது. ஜன்னலைத் திற. இந்தக் குழாய் வழியா நீயே பாரு. முதல்ல நீலத் தாள் கல்லு.

— பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கட்டம். ஒண்ணு ஆரஞ்சு அடிக்கிற சிவப்பு. இன்னொண்ணுல ஊதா கலந்திருக்கு.

— இப்ப உன்னோடது.

— ரெண்டு கட்டமும் ஒரே சிவப்பு.

— கல்லைத் திருப்பித் திருப்பிப் பாரு.

— எப்படித் திருப்பினாலும் அதேதான். சயா, உங்க குழாய் சரியா இருக்கா?

— சரியாத்தான் இருக்கு. ஆனாலும் ஒண்ணை மட்டும் நம்பி நான் சொல்றதில்லை. தண்ணிக்குள்ள எடை போடுவோம். தன் பருமன் தண்ணியைவிட நாலு மடங்கு கனம்னா மாணிக்கம். இரு... நீலம், நாலு. வெள்ளை, மூணு புள்ளி ஆறு.

— அக்கா, நீங்க உக்காருங்க.

— நிக்கத் தெரியும் எனக்கு. நீங்க சொல்லுங்க, சயா.

— பூதக்கண்ணாடியில பார்த்தா உன் கல்லோட ஓரமெல்லாம் மழுங்கியிருக்கு. ஸ்பினலும் கெட்டிதான். ஆனா மாணிக்கத்தைவிட ஒரு படி கம்மி.

— மழுங்காம? சட்டி கழுவினேன், துணி துவைச்சேன். கழட்டுடின்னு எங்கம்மா சொல்லியும் கழட்டலை.

— முடிவு இதுதான். மியா யின், உன் கல்லு ஸ்பினல். சந்தாவோடது மாணிக்கம். அவ்ளோதான்.

— அவ்ளோதானா! என் புருஷன் கோ பைங் என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா, சயா? சம்பளத்துக்குப் பதிலா முதலாளி ஒரு மாணிக்கமும் ஒரு ஸ்பினலும் குடுத்தாராம். ஸ்பினலை வித்துட்டாராம். நல்லதை எனக்குன்னு வச்சாராம். நானும் தலையைத் தலையை ஆட்டினேன்.

— லாரிக்காரனுக்குக் கல்லு தெரியாது. ரெண்டையும் ஒரே தட்டான்கிட்ட, ஒரே மாதிரி கட்டக் குடுத்திருக்கான்.

— கல்லு தெரியாது. யாருக்கு எதைக் குடுக்கணும்னு மட்டும் நல்லாத் தெரிஞ்சிருக்கு. எடுத்துக்கிட்டுப் போடி. ஜெயிச்சது நீதான்.

— மியா யின், போதும். சந்தா, நீ ஏன் அழறே? உனக்குத்தானே நல்ல கல்லு வந்திருக்கு?

— இதை என் விரல்ல போட்டுவிட்டப்ப அவர் சொன்னாருங்க: “கோவிச்சுக்காதே சந்தா, உனக்கு ஸ்பினல்தான். மாணிக்கம் மியா யின்னுக்கு.”